மழை விடுமுறை யாருக்கு?

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ எங்கள் பகுதிக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு மேற்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் என்று தலைப்பிட்டிருக்கும். மொட்டைமாடியில் சேர்ந்த சருகுகளை அகற்ற வேண்டும், வடிகால் அடைப்பை நீக்க வேண்டும், பட்ட கிளைகளை வெட்ட வேண்டும், மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் இருப்பு வைக்க வேண்டும். எல்லாம் தேவையானவைதான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து படித்துவரும் இந்தச் சுற்றறிக்கையில் கட்டடம் இருக்கிறது, மரம் இருக்கிறது, மின்கம்பி இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் இரவு தங்கப்போகிறவர்கள் யார், அவர்களுக்குச் சமைக்கப்போவது யார், வெள்ளம் வடிந்த பிறகு கழிவறையைக் கழுவப்போவது யார் என்பது மட்டும் எங்கும் வராது. மனிதர்கள் வருகிற ஒரே இடம் கடைசி வரி. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் மாணவர்களைப் பாதுகாப்பாக வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

வீடு என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான் நம் கல்லூரிகளின் மொத்த மழைத் தயாரிப்பும் நிற்கிறது. எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் தண்ணீர் ஏறியிருக்காது, அங்கே போகிற பெண் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுவாள் என்று நம்புகிற தயாரிப்பு இது. நான் வசிக்கும் திருநீர்மலையிலிருந்தும், அதைச் சுற்றியுள்ள தாம்பரம், குரோம்பேட்டை வளாகங்களிலிருந்தும் பார்த்தால் இந்த நம்பிக்கை எப்படி உருவானது, எப்போதெல்லாம் உடைந்தது என்பது தெரியும்.

திருநீர்மலை என்ற பெயருக்குள்ளேயே மழைக்கணக்கு இருக்கிறது. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகே மலையேறிப் பெருமாளைப் பாடினார் என்கிறது தலபுராணம். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் இங்கே பெருமாள் காட்சி தருவதாகச் சொல்வார்கள். பக்தர்களுக்கு அந்த நான்கு கோலங்கள் முக்கியம். நான் மாணவிகளிடம் அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் கேட்பேன். காத்திருந்த ஆழ்வாருக்கு ஆறு மாதம் யார் சோறு பொங்கிப் போட்டார்கள்? புராணம் அதைச் சொல்வதில்லை. ஆனால் இந்த நிலத்தில் ஆண்டில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் என்பதை அது ஒளிக்கவில்லை. ஊருக்கே அதைத்தான் பெயராக வைத்தார்கள்.

புராணத்தை ஒதுக்கிவிட்டு நிலத்தைப் பார்த்தாலும் இதே கதைதான். மணிமங்கலத்துக்கு அருகே மலைப்பட்டு ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறு, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைச் சேர்த்துக்கொள்வது திருநீர்மலைக்கு அருகில். அதுவரை ஓடை போலிருப்பது இங்கிருந்துதான் ஆறாகத் தெரியத் தொடங்குகிறது. இந்தப் பக்கம் சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் ஏரி. ஒன்றின் கலங்கல் வழிந்து அடுத்ததற்குப் போகும். ஏரிக்கரையில் நாற்று நட்ட பெண்களுக்கும், ஏரியில் துணி துவைத்த பெண்களுக்கும், எந்த மாதம் எந்தப் படி வரை தண்ணீர் ஏறும் என்பது சுற்றறிக்கை இல்லாமலே தெரிந்திருக்கும்.

பிறகு தோல் வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் கம்பெனியிலிருந்து வந்ததுதான். பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தோல் பதனிடும் கூடங்களின் கழிவு நிலத்தடி நீரையும் திருநீர்மலை ஏரியையும் கெடுத்தபோது, குடிக்க நல்ல தண்ணீர் தேடி நடக்கும் தூரம் கூடியது பெண்களுக்குத்தான். அதற்கும் பிறகு கல்லூரிகள் வந்தன. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கியது. 1968இல் அதே குரோம்பேட்டையில் பெண்களுக்கென்று வைணவ மகளிர் கல்லூரி வந்தது. எண்பதுகளுக்குப் பிறகு வந்த சுயநிதிக் கல்லூரிகளை எண்ணி முடியாது. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மலிவாகக் கிடைத்த தாழ்ந்த நிலங்களைக்கூட விடாமல் மண் கொட்டி மேடாக்கினார்கள், சுற்றி மதில் எழுப்பினார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள்.

தாம்பரம் வளாகத்தைப் பற்றிப் பேசும்போது வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸையும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸையும் சொல்லாமல் இருக்க முடியாது. புதர்க்காடாக இருந்த 365 ஏக்கரில் மரம் வளர்த்தது அவர்கள் இருவரின் உழைப்பு. வெயிலுக்கும் மழைக்கும் ஒரு வளாகத்தைத் தயார் செய்வதென்றால் இதைவிட நீண்டகாலத் தயாரிப்பு வேறென்ன? ஆனால் அதே வளாகத்தில் அன்று எழுந்த சேலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் ஆகிய மூன்று விடுதிகளும் ஆண்களுக்கானவை. பெண்களுக்கென்று விடுதி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. இதை ஒரு கல்லூரியின் குறையாக நான் சொல்லவில்லை. அன்றைய உயர்கல்வி ‘மாணவன்’ என்று யாரை நினைத்ததோ அவனுடைய உடலுக்கு ஏற்பத்தான் எல்லா வளாகங்களும் கட்டப்பட்டன. தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, கழிவறைகளின் எண்ணிக்கை, வெளிவாசல் மூடும் நேரம் எல்லாமே அந்த உடலின் கணக்கு. பெண்கள் பிறகு வந்து அந்தக் கணக்குக்குள் தங்களைப் பொருத்திக்கொண்டார்கள்.

கல்வியாண்டும் அப்படித்தான். நம் இலக்கண உரையாசிரியர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, ஆவணி, புரட்டாசியைக் காராகவும் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிராகவும் வைத்தார்கள். தமிழ்நாட்டின் கீழைக் கரைக்கு உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சென்னைப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. நம் செமஸ்டர் தேர்வோ சரியாக நவம்பரில் வருகிறது. ஜூனில் கல்லூரி திறந்து நவம்பரில் தேர்வு வைக்கும் இந்த நாட்காட்டி இந்தக் கரையின் மழையைப் பார்த்துப் போட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு நெருங்கும்போது புயல் வருவதும், தேர்வு தள்ளிப்போவதும், அதை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று அறிவிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஐப்பசியில் மழை பெய்வதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது?

உண்மையிலேயே எதிர்பாராத மழைக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: வம்பமாரி. காலமல்லாத காலத்தில் வந்து ஏமாற்றும் மழை. குறுந்தொகையின் 66ஆம் பாடலில் கோவர்த்தனார் இந்தச் சொல்லைத் தோழியின் வாயில் வைக்கிறார். கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று போனவன் வரவில்லை; கொன்றை பூத்துவிட்டது; தலைவி கலங்குகிறாள். இது கார் இல்லை, வம்பமாரியைக் காரென்று நம்பி மரம் அவசரப்பட்டுப் பூத்துவிட்டது என்கிறாள் தோழி. முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல். வகுப்பில் இதைக் கற்பு, காத்திருப்பு என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவோம். எனக்கு அதில் தெரிவது, பூவையும் மேகத்தையும் கொண்டு இது எந்தப் பருவம் என்று வாதிடும் இரண்டு பெண்கள். பருவத்தைத் தவறாகப் படித்தால் ஒரு பெண்ணின் மனம் உடைந்துபோகும் என்று தோழிக்குத் தெரியும். வானிலையை அவள் தலைவியின் நிலையோடு சேர்த்துப் படிக்கிறாள். நம் சுற்றறிக்கையால் இன்றுவரை செய்ய முடியாதது அது.

2015ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு மாணவர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எளிதில் ஏற முடியாத உயரத்துக்கு மதில், அதன் மேல் முள்கம்பிச் சுருள், விரல்ரேகை வருகைப் பதிவு என்று அதில் பல இருந்தன. ஆகஸ்டில் தில்லி மாணவிகள் விடுதிகளின் நேரக்கட்டுப்பாட்டுக்கு எதிராகக் கூண்டை உடை என்ற பொருளில் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கத்தைத் தொடங்கினார்கள். வளாகத்துப் பெண்ணுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று நாடு முழுக்க விவாதம். மதிலுக்கு வெளியே நிற்கும் அந்நிய ஆணிடமிருந்து என்றது ஒரு தரப்பு, மதிலே ஆபத்து என்றது இன்னொரு தரப்பு. தண்ணீரைப் பற்றி இரண்டு தரப்புமே பேசவில்லை. டிசம்பரில் தண்ணீர் வந்தது.

நவம்பர் முழுக்க மழைதான். டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. மேலிருந்து ஏரிகள் உடைத்துக்கொண்டு வந்த வெள்ளமும் இந்த நீரும் சந்தித்த இடம்தான் நான் சொன்ன திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் தளம் வரை தண்ணீர். 1943, 1976, 1985, 2005 என்று அடையாறும் கூவமும் முன்பே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டன. திறப்பு முறையாகக் கையாளப்பட்டதா என்ற கேள்வி பிறகு தணிக்கைத் துறை அறிக்கை வரை போனது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எழுதப்படாதது மதில்களுக்குள் நடந்தது.

நான் அப்போது ஒரு பெண்கள் விடுதியில் துணை வார்டன் பொறுப்பில் இருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். வேறு வளாகங்களில் இருந்த தோழிகள் சொன்னதும் பெரிதாக வேறுபட்டதில்லை. முதலில் மின்சாரம் போனது. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி மறுநாள் காலையிலேயே காலி. சுற்றிலும் தண்ணீர் நின்றுகொண்டிருக்க, கழிவறையில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் இல்லை. கீழ்த்தளக் கழிவறைகளில் கழிவு எதிர்த்து மேலே வந்தது. மாதவிலக்கு நாளில் இருந்தவர்களுக்கு நாப்கின் தீர்ந்துவிட்டது. பழைய துப்பட்டாக்களைக் கிழித்துக் கொடுத்தோம். ஜெனரேட்டருக்கான டீசல், சுற்றறிக்கையில் சொன்னபடியே, தயாராக இருந்தது. ஆனால் ஜெனரேட்டர் தரையோடு தரையாக இருந்தது. பாதுகாப்புக்காக ஆறு மாதம் முன்பு உயர்த்திக் கட்டிய மதில், உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் தேக்கி வைத்தது. ஆட்களைத் தடுக்க எழுப்பும் சுவரில் தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் சமையலறைக்கு இரண்டு அக்காக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார்கள். ஒருவர் அனகாபுத்தூர், இன்னொருவர் முடிச்சூர். இருவர் வீடுகளும் மூழ்கியிருந்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கூட மாடியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “வராட்டி நாள் கூலி இல்ல மேடம். இங்க வந்தா புள்ளைங்களுக்கும் ரெண்டு வேளை சாப்பாடு எடுத்துட்டுப் போலாம்” என்றார் முடிச்சூர் அக்கா. அன்று மாவட்டம் முழுக்கக் கல்லூரிகளுக்கு விடுமுறை. கேஸ் அடுப்பில் கஞ்சி வைத்து இருநூறு பெண்களுக்குக் கொடுத்தவர்களுக்கு அது வேலை நாள். அதற்காக அவர்களுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரப்படவில்லை.

ஆண்கள் விடுதிக்கு அவுட்பாஸ் கிடையாது. அங்கிருந்த மாணவர்கள் காலையிலேயே கிளம்பி முடிச்சூர்ப் பக்கம் படகு தள்ளவும் உணவுப் பொட்டலம் கொடுக்கவும் போனார்கள். நல்ல காரியம்தான், பாராட்டும் கிடைத்தது. பெண்கள் கம்பி போட்ட மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என்.எஸ்.எஸ்.இல் முதலுதவிப் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தார்கள், நீச்சல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வெளியே போகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்கப் போன் வேண்டும். டவர் விழுந்து, சார்ஜ் தீர்ந்து எல்லாப் போனும் செத்துக் கிடந்தது. கடலூரிலிருந்து வந்து படித்த ஒரு மாணவிக்கு நவம்பரிலேயே ஊரில் வீடு மூழ்கிவிட்டது. அம்மா உறவினர் வீட்டில் இருந்தார். அவளை எந்த வீட்டுக்கு அனுப்புவது? விதிப்புத்தகத்தில் அவளுக்குப் பதில் இல்லை.

பாதுகாப்பின் பெயரால் பெண்களைக் காத்திருக்கச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பது உலகத்துக்குத் தெரியாததல்ல. 1991இல் வங்கதேசத்தைத் தாக்கிய புயலில், 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் இறப்பு விகிதம் பெண்களில் ஆயிரத்துக்கு 71, ஆண்களில் 15. எச்சரிக்கை வந்தும் கணவனின் சொல்லுக்காகக் காத்திருந்தது, கைக்குழந்தையோடு ஓட முடியாதது, நீரில் கால்களைச் சுற்றிய சேலை, அந்நிய ஆண்கள் நிறைந்த புகலிடத்தில் ஒதுங்கத் தயங்கியது என்று காரணங்களை ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினார்கள். நமக்குப் பக்கத்திலேயே 2004 சுனாமியில், கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் அறிக்கை பதிவு செய்தது. கடலும் மழையும் ஆண் பெண் பார்ப்பதில்லை என்பார்கள். கடல் பார்க்காமல் இருக்கலாம். கரையில் யார் எங்கே நிற்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைச் சமூகம் முன்பே முடிவு செய்துவிடுகிறது.

வெள்ளம் வடிந்தபின் சேறு. சென்னையையும் புறநகரையும் சுத்தம் செய்ய மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வரவழைத்தார்கள். கையுறையும் காலுறையும் இல்லாமல் அவர்கள் வேலை செய்ததைப் பத்திரிகைகள் எழுதின. வளாகங்களுக்குள் அந்த வேலையை ஒப்பந்தப் பெண்கள் செய்தார்கள். அவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம். சொல்லாததால்தான் அது இயல்பாகிவிடுகிறது. எங்கள் விடுதியில் நான்கு நாட்கள் மலச்சேற்றை அள்ளிய ஐந்து பெண்களும் நிர்வாகத்தின் மழைச் சேத அறிக்கையில் ‘துப்புரவுச் செலவு’ என்ற ஒரு வரியாக ஆனார்கள்.

கல்லூரிகள் மூடிக் கிடந்தது ஏறக்குறைய ஒரு மாதம். தேர்வுகள் தள்ளிப்போயின. நனைந்து போன மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழுக்கு மாற்றுப் பிரதி தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அது பயனுள்ள ஏற்பாடு, பல முதல் தலைமுறை மாணவிகள் அதனால் பிழைத்தார்கள். ஆனால் முகாமில் மீட்க முடியாத இழப்புகளும் இருந்தன. என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒருத்தி திரும்பி வரவே இல்லை. வீடு இடிந்து, அப்பாவுக்கு வேலை இல்லாமல் போய், மழை விடுமுறையிலேயே மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். தை பிறந்ததும் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தபோது நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். புத்தகம் நனையாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தாள். எந்த வெள்ளச் சேதக் கணக்கிலும் அவள் இல்லை. பெருந்தொற்றுக்காகக் கல்லூரிகள் நீண்டகாலம் மூடிக் கிடந்தபோது, அப்படித் திரும்பாதவர்கள் என் வகுப்பிலேயே நான்கு பேர்.

அந்த ஆண்டுகளில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த அதிகாரி வானிலை மைய இயக்குநர் ரமணன். அவர் தொலைக்காட்சியில் தோன்றினால் விடுமுறை என்று ஊரே கேலியும் பாசமுமாகப் பேசிக்கொண்டது. எங்கள் விடுதிப் பெண்களும் சிரித்தார்கள். ஆனால் விடுமுறை என்றால் முதலில் அம்மாவுக்குப் பதிலாகச் சமையலறையில் நிற்க வேண்டும் என்று முதுகலை மாணவி ஒருத்தி சொன்னதும் அதே சிரிப்புக்கு நடுவில்தான்.

அடுத்த ஆண்டு வெள்ளத்துக்குத் தயாரானோம், காற்று வந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா. பார்ன்ஸ் தம்பதியர் காலத்து மரங்கள் தொடங்கி வண்டலூர் உயிரியல் பூங்கா மரங்கள் வரை தென்புறநகரில் விழுந்தவை ஏராளம். பல இடங்களில் ஒரு வாரம் மின்சாரம் இல்லை. நவம்பர் 8இல் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்ததால் ஏ.டி.எம்.களில் ஏற்கெனவே பணம் இல்லை. மெழுகுவத்தி வாங்கவும் சில்லறை இல்லாத விடுதி அது.

2018இல் மழை பொய்த்தது. 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. செம்பரம்பாக்கத்தின் தரை பிளந்து கிடந்த படத்தை உலகப் பத்திரிகைகள் போட்டன. ஐ.டி. நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் விடுதியில் ஆளுக்கு நாளுக்கு இரண்டு வாளி. மாதவிலக்கு நாட்களில் மூன்றாவது வாளி கேட்க, ‘அந்த நாள்’ என்று வாட்ச்மேன் வைத்திருந்த நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் எதிரெதிர்க் காரணங்கள். பெண்கள் விடுதிக் கழிவறையில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம். மறுபடி முடிச்சூர், மறுபடி வரதராஜபுரம், மறுபடி தள்ளிப்போன தேர்வு. இதற்கு நடுவே ஒரு மாற்றம் நடந்திருந்தது. 2021 நவம்பரில் திருநீர்மலைப் பேரூராட்சியையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சி உருவானது. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட அதன் முதல் மேயர் பதவிக்கு 2022இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் வந்தார். பொறியியல் படித்த, இருபத்தைந்து வயதுப் பெண். பாதி வார்டுகளில் பெண் உறுப்பினர்கள். என் மாணவிகள் வயதுக்கு நெருங்கிய ஒருவர், ஏரிகளும் கால்வாய்களும் உள்ள ஒரு நகரத்தின் நாற்காலியில் உட்கார்ந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மதிலுக்குள்ளே அந்த மாற்றம் இன்னும் வரவில்லை. எத்தனை கல்லூரிகளின் பேரிடர் மேலாண்மைக் குழுவில் ஒரு மாணவி இருக்கிறாள்? சமையல் அக்கா ஒருவர் இருக்கிறாரா?

மிக்ஜாமுக்குப் பிறகு விடுதிப் பெண்கள் சிலர் மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்தார்கள். இயற்பியல் மாணவி ஒருத்திக்கு அன்னா மணியைப் பற்றி வகுப்பில் கேட்ட நினைவு. சென்னையில் படித்து, ராமனின் பெங்களூர் ஆய்வகத்தில் உழைத்து, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டு, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, இந்தியாவிலேயே வானிலைக் கருவிகள் செய்ய வழிவகுத்தவர் அவர். தினமும் காலை எட்டரைக்கு அளவெடுத்து ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். மழையளவுக்குப் பக்கத்தில் தொட்டியில் எத்தனை அடித் தண்ணீர், கீழ்த்தளத்தில் எந்தப் படி வரை நீர், அன்று சமையலுக்கு யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பதையும் எழுதுகிறார்கள். அந்த நோட்டுக்குத் தலைப்பு வைக்கச் சொன்னார்கள். வம்பமாரி என்று எழுதிக் கொடுத்தேன்.

2024 செப்டம்பரில் வழக்கமான சுற்றறிக்கை வந்தபோது, அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களே ஒரு கடிதம் எழுதினார்கள். ஜெனரேட்டரை உயரமான மேடைக்கு மாற்ற வேண்டும். முதல் மாடியில் நாப்கினும் குடிநீரும் இருப்பு வைத்து, சாவியை மாணவிகளிடம் தர வேண்டும். புயல் நாளில் வேலைக்கு வரும் சமையல், தூய்மைப் பணிப் பெண்களுக்கு இரட்டைக் கூலியும், அவர்கள் குடும்பம் ஒதுங்க விடுதியில் ஓர் அறையும் வேண்டும். மதிலில் இரண்டு இடத்தில் தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும். விடுமுறை அறிவித்தாலும் வீட்டுக்குப் போக விரும்பாதவளை விடுதியில் இருக்க விட வேண்டும். வெளியே போக விரும்புகிறவளைத் தன் கையெழுத்தில் போக விட வேண்டும்.

கடிதம் மூன்று வாரத்தில் குறிப்புகளோடு திரும்பியது. ஜெனரேட்டர் மேடைக்கு நிதி ஒதுக்கப்பட்டது. நாப்கின் இருப்புக்கு ஒப்புதல், சாவி வார்டனிடமே இருக்கும். கூலி ஒப்பந்ததாரரின் பொறுப்பு. மதில் பற்றிப் பொறியாளரின் கருத்துக் கேட்கப்படும். கடைசிக் கோரிக்கைக்கு எதிரே பச்சை மையில், பெற்றோர் கூட்டத்தில் வைத்து முடிவு செய்யப்படும் என்று எழுதியிருந்தது. நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அந்தக் கூட்டத்துக்கு இன்னும் தேதி குறித்திருக்கவில்லை.